அந்தப் பக்கத்துப் பாரம்

ஹேண்டில் திரும்பிப் போன விதம் சரியில்லை.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த ஜிம்முக்கு வரும் பிள்ளைகள் காதில் பாட்டை அடைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் தங்கள் புஜத்தைத் தாங்களே காதலித்துக்கொண்டு இழுப்பவர்கள். ஹேண்டிலுக்குப் பதிலாக முதலையின் வாலைக் கையில் கொடுத்தாலும் இழுக்க வேண்டியதை இழுத்துவிட்டு, துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். லிஃப்ட்காரர் அப்படியில்லை. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்து, கயிறு பிடித்த கை அவருடையது. ஊரில் உயரமாக நின்ற கட்டடம் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் புகுந்து, கிரீஸ் நாற்றத்திலும் இருட்டிலும் நின்று, இரும்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தே ‘உள்ளே நாலு பேர், ஒருத்தர் நல்ல குண்டு’ என்று சொல்லிவிடுவார். குண்டானவர் கோபமாக இருக்கிறாரா என்பதைக்கூடச் சொல்வார் என்று கூட வேலை செய்தவர்கள் சத்தியம் பண்ணுவார்கள். அது கொஞ்சம் கூடுதல்தான், ரொம்பக் கூடுதல் இல்லை.

துடுப்புப் போடுவதுபோல் இழுக்கும் இயந்திரம் அது. ஒரு நீளத் தண்டவாளம், அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் சீட்டு, பாதத்தைக் கட்டிக்கொள்ள இரண்டு வார். எதிரே பூசணிக்காய்போல் ஊதிய ஒரு கறுப்பு மூடி. அந்த மூடியின் வாயிலிருந்து ஒரு பெல்ட் வெளியே வரும், அதன் நுனியில் ஹேண்டில். காலை உந்தி, முதுகைச் சாய்த்து, ஹேண்டிலை நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். உள்ளே விசிறிச் சக்கரம் ‘ஹூஊஊம்’ என்று சுற்றும். கையைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் கயிறு பெல்ட்டைச் சுருட்டிக்கொள்ளும். ரப்பரின் குணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நீண்டு கிடக்கும்போது வெடுக்கென்று இழுக்கும், சுருங்கச் சுருங்கச் சோர்ந்துபோகும்.

அன்று அது சோரவில்லை. கடைசி வரைக்கும் ஒரே சீராக, அவசரமே இல்லாமல் பெல்ட் உள்ளே போனது. போய் முடிந்த பிறகு, இன்னும் ஒரே ஒரு சின்ன இழுப்பு. முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார்களே, அதுபோல.

ரப்பருக்கு அப்படி ஒரு குணம் கிடையாது.

*

இந்த வயதில் லிஃப்ட்காரருக்கு ஜிம் எதற்கு என்று கேட்டால், எல்லாம் அவர் மனைவியால் வந்தது.

அவர் ஆள் ஒரு வெட்டுக்கிளி. காற்றடித்தால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ரகம். அந்த அம்மாளோ தெருமுனையில் திரும்பினால் தெருவில் கொஞ்ச நேரம் வெயில் இருக்காது. பக்கவாதம் வந்து அவளுடைய இடது கை, இடது கால், பாதி வாய் எல்லாவற்றையும் கொண்டுபோனபோது, எடையில் ஒரு குண்டுமணியைக்கூடத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வந்தாள். மற்ற நேரத்துக்கு அவர்தான். ஒரு நாள் விடியற்காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவளைத் தூக்கும்போது கால் இடறி இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். அவர் அடியில், அவள் மேலே. பக்கத்து வீட்டுக்காரர் தாழ்ப்பாளை உடைத்து வந்து மீட்கும்வரை அவள் சிரித்துக்கொண்டே கிடந்தாள், அவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டே கிடந்தார்.

மகன் வெளியூரிலிருந்து போனில் கத்தினான்.

“உங்களால அம்மாவைத் தூக்க முடியலப்பா. அதை முதல்ல ஒத்துக்கங்க.”

“தூக்கறேன்டா.”

“எங்க தூக்கறீங்க? கதவை உடைச்சுல்ல உங்களைக் காப்பாத்தியிருக்காங்க!”

“கதவை உடைக்கல. தாழ்ப்பாளைத்தான்.”

“மழைக்காலம் முடியட்டும். நான் வந்து பார்ப்பேன். உங்களால தனியா தூக்க முடியலன்னா அம்மாவை இல்லத்துல சேர்த்துடுவேன். அங்க ஆள் இருக்கு, மெஷின் இருக்கு. பேச்சே கிடையாது.”

அவள் பாதி வாயால் பேசுவாள். முழு வாய் இருப்பவர்களைவிட அதிகமாகவே பேசுவாள். “கேட்டியாய்யா, அங்க கிரேன் வெச்சுத் தூக்குவாங்களாம். ஊரையெல்லாம் ஏத்தி இறக்கி விட்ட மனுசன், கட்டினவளை ஒரு அடி ஏத்த முடியல பாரு.”

சிரித்து முடித்த பிறகு நல்ல கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “என்னை எங்கயும் விட்டுடாதய்யா.”

“விடுவேனா?” என்றார். சொன்ன சொல் அவ்வளவுதான். அதற்காகத்தான் மறுநாளே அரைக்கால் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஜிம் வாசலில் போய் நின்றார்.

கோச் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பயிற்சியாளன் நல்ல பிள்ளை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூலையில் சுவரைப் பார்த்துக் கிடந்த பழைய இயந்திரத்தைக் காட்டினான். “அங்கிள், உங்களுக்கு இதுதான். காலு, முதுகு, கை, மூணுக்கும் ஒரே இழுப்பு. ஆளைத் தூக்கறதும் இதே வேலைதான். பசங்க யாரும் இதைத் தொடறதில்ல. நீங்களே வெச்சுக்கங்க.”

“ஏன் தொடறதில்ல?”

“போரடிக்குதாம். எவ்வளவு இழுத்தாலும் எங்கயும் போகாத படகாச்சே.”

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜிம்மை மூடிவிடுவார்கள். லிஃப்ட்காரர் தன் முழங்காலை ஊர் பார்க்க வேண்டாம் என்று அந்த நேரத்தைத்தான் கேட்டு வாங்கினார். கோச் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவான். உள்ளே அவர் மட்டும். ரப்பர் விரிப்பின் வாடை, காலை முழுக்க வடிந்த பிறத்தியார் வியர்வை, தரை துடைத்த மருந்து நெடி. ஷட்டரின் அடியில் ஒரு கோடு வெளிச்சம். ஹூஊஊம். சீட்டு கடகடவென்று முன்னே ஓடும். மறுபடி ஹூஊஊம். முதல் வாரத்தில் அவர் உடம்பில் வலிக்காத இடம் மூக்கு மட்டும்தான். ஆனாலும் விடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மனைவியின் கக்கத்துக்கு அடியில் கைகொடுத்து, காலை ஊன்றி, முதுகைச் சாய்த்து இழுத்தார். அவள் எழுந்து வந்தாள். நிஜமாகவே வந்தாள். நாற்காலியில் பூப்போல இறக்கினார்.

“யோவ்!” என்றாள் கண் விரிய. “பறந்தேன்யா!”

இரண்டு பேரும் அப்படிச் சிரித்ததில் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி தாழ்ப்பாளை உடைக்க வந்துவிட்டார்.

அதற்கு மறுநாள்தான் ஹேண்டில் அப்படித் திரும்பிப் போனது.

*

வீட்டுக்கு வந்தபோது நர்ஸ் கட்டிலின் தலைமாட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“சார், அம்மா மேல போயிட்டாங்க.”

அவருக்கு ஒரு நிமிடம் உயிரே போனது. “என்னம்மா சொல்றே?”

“ஐயோ, அப்படி இல்ல சார். மேலன்னா, தலைமாட்டுப் பக்கம். காலையில நடுக்கட்டில்லதான் படுக்க வெச்சேன். இப்ப பாருங்க, தலை கம்பியில முட்டுது.”

“நகர்ந்திருப்பா.”

“படுக்கையில கிடக்கறவங்க கால்மாட்டுப் பக்கம்தான் சார் சறுக்குவாங்க. நாள் முழுக்க மேல இழுத்து விடறதுதான் எங்க வேலையே. தானா மேல போய் நான் பார்த்ததில்ல.”

கட்டிலின் தலைமாட்டில் இரும்புக் கம்பிகள், கை நுழையும் இடைவெளியில் வரிசையாக நிற்கும். அதற்குப் பின்னால் சுவர். அவள் உச்சந்தலை கம்பியில் படிந்திருந்தது. விரிப்பு அவளோடு சேர்ந்து மேலே சுருங்கிக் கிடந்தது.

“யாரோ முடியைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்குய்யா,” என்றாள் அவள். “கல்யாணமான புதுசுல நீகூட இப்படி விளையாடினதில்ல. இந்த நரைமுடிக்கு இப்ப ஒரு ஆள் கிளம்பியிருக்கான்.”

அவர் சிரித்தார். கக்கத்தில் கைகொடுத்து அவளை நடுக்கட்டிலுக்கு இழுத்தார். இழுக்கும்போது, அந்தப் பக்கம் ஏதோ கொஞ்சம் யோசித்துவிட்டு விட்டுக்கொடுத்ததுபோல் இருந்தது. கையை உதறிக்கொண்டார். ஜிம்முக்குப் போய்ப் போய்க் கைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் நாளுக்கு நாள் ஹேண்டில் கனத்தது. கோச்சைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவன் இழுத்தான். ஒரு குழந்தையின் அரைஞாண்போல் லேசாக வந்தது பெல்ட். “நல்லாத்தானே இருக்கு அங்கிள்? லூசாவே இருக்கு.” அவன் எழுந்த பிறகு அவர் உட்கார்ந்தார். கையில் எடுத்ததுமே, அந்தப் பக்கம் யாரோ பிடியை மாற்றிக்கொண்டார்கள்.

அவருடைய கை அதைத் தெளிவாகச் சொன்னது. வேலையை விட்டு வந்த நாளிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த கை. இப்போது அது விழித்துக்கொண்டு, பழைய நாள்போலவே, கேட்காமலே தகவல் சொன்னது: அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது.

மறுநாள் மதியம், ஷட்டர் இறங்கிய பிறகு, பையிலிருந்து திருப்புளியையும் டார்ச்சையும் எடுத்தார். கறுப்பு மூடியைக் கழற்றினார்.

உள்ளே தூசி. விசிறிச் சக்கரம். அதன் அடியில் ரப்பர் கயிறு. தொட்டதும் விரலில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எப்போதோ அறுந்து, காய்ந்து, செத்த மண்புழுபோல் கிடந்தது. அதில் பெல்ட் கட்டப்பட்டிருக்கவில்லை. எதிலுமே கட்டப்பட்டிருக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றி வந்த பெல்ட், இயந்திரத்தின் முன்பக்கத் தகட்டை நோக்கிப் போனது.

தகட்டுக்குள் போனது.

டார்ச்சைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தகட்டில் வெட்டு இல்லை. ஓட்டை இல்லை. நகத்தால் சுரண்டினால் இரும்பு. ஆனாலும் பெல்ட் அதற்குள் போயிருந்தது, தண்ணீரில் இறக்கிய கயிறு தண்ணீருக்குள் போகிறதே, அப்படி. எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். தகட்டின் மறுபுறம் வழவழப்பாக இருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் வெற்றிடம், ஒட்டடை, யாரோ தொலைத்த ஒரு காலுறை. அவ்வளவுதான்.

திரும்பி வந்து குனிந்தார். அங்கே ஒரு வாடை இருந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த வாடை. லிஃப்ட் ஓடும் குழியின் அடித்தளத்தில், வருடக்கணக்காக வெளிச்சம் படாத இடத்தில், தேங்கி நிற்கும் காற்று. ஆனால் தேங்கி நிற்கும் காற்று நகராது. இது நகர்ந்தது. வந்தது. போனது. வந்தது.

பெல்ட் லேசாக அதிர்ந்தது. தூண்டிலைக் கடிக்கலாமா என்று பார்க்கும் மீன்போல.

மூடியை எப்படித் திரும்ப மாட்டினார் என்று அவருக்கு நினைவில்லை.

*

லிஃப்ட் வேலையில் சேரும் அன்றே எவனுக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு: சந்தேகம் வந்தால் நிறுத்து. கயிற்றில் ஒரு முனகல் கேட்டாலும் நிறுத்து, பூட்டு, ஆளை இறக்கு, அப்புறம் பார். அந்தப் பாடத்தால்தான் இத்தனை வருடத்தில் அவர் கை பட்ட லிஃப்ட் எதுவும் ஒரு எறும்பைக்கூட நசுக்கியதில்லை. அதனால் லிஃப்ட்காரர் தனக்குத் தெரிந்த சரியான காரியத்தைச் செய்தார். நிறுத்தினார். ஜிம்முக்குப் போகவில்லை.

அதுதான் அவர் செய்த தப்பு.

மறுநாள் மதியமே அவள் தலை கம்பியில் இடித்தது. சாயங்காலம் கழுத்து மடங்கியது. நர்ஸும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பிடித்தார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மூட்டை தூக்கிப் பிழைத்த மனிதர், கட்டிலோடு சேர்த்தே அவளைத் தூக்கக்கூடியவர். மூன்று பேரும் வியர்த்ததுதான் மிச்சம். அவள் அசையவில்லை. கட்டில் அசைந்தது, அவளையும் சேர்த்துக்கொண்டு. கட்டிலை அறையின் நடுவில் போட்டார்கள். வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள். எப்படிப் போட்டாலும் தலை இருந்த பக்கமே போய்க்கொண்டிருந்தாள், விரல் அகலம் விரல் அகலமாக. டாக்டர் வந்து பார்த்து, தசை இறுக்கம் என்று சொல்லி, மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவள் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவரை எல்லாவற்றையும்விட அதிகமாக நடுங்கவைத்தது.

அவர் காதைத் தன் வாயருகே இழுத்து, மூச்சுக்கு நடுவே சொன்னாள்: “நீ இழுக்கும்போது நல்லாயிருந்துதுய்யா.”

“எப்ப இழுத்தேன்?”

“மத்தியானம். தினமும்… அவங்க இழுப்பாங்க. அப்புறம் நீ இழுப்பே. உன் கை எனக்குத் தெரியாதா? நீ இழுக்கும்போதுதான் மூச்சு வரும்.” கண்ணோரம் ஈரம் வழிந்து காதுக்குள் போனது. “ஏன்யா விட்டுட்டே?”

‘அவங்க’ என்றாள். அன்றுபோல் ‘ஒரு ஆள்’ என்று சொல்லவில்லை.

எங்கு போய் என்ன இழுக்கிறார் என்று அவளிடம் அவர் சொன்னதே இல்லை. காய் வாங்கப் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். மகன் வரும்போது ஒரே தூக்காகத் தூக்கிக் காட்டி, அப்புறம்தான் ஜிம் விஷயத்தைச் சொல்லி இரண்டு பேரையும் அசத்த நினைத்திருந்தார்.

*

மறுநாள் மதியம் வானம் கறுத்துக் கிடந்தது. ஷட்டர் பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்து உள்ளே நுழைந்தார். “என்ன அங்கிள், நேத்து ஆளையே காணோம்?” என்று கோச் கேட்கும்போதே நேராக மூலைக்கு நடந்தார். “மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? சரி, மெதுவா பண்ணுங்க, சாப்பிட்டு ஓடி வந்துடறேன்.” ஷட்டர் தரையில் உட்கார்ந்தது. வெளியே பூட்டு ஒரு தடவை சொடுக்கியது. பிள்ளைகள் யாராவது திருட்டுத்தனமாக உள்ளே வந்துவிடுவார்கள் என்று எப்போதும் பூட்டிவிட்டுத்தான் போவான்.

பாதத்தை வாரில் கட்டிக்கொண்டார். போனைத் தரையில் வைத்து நர்ஸைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரைப் போட்டார்.

“அம்மா எப்படி இருக்கா?”

“கம்பியில இடிச்சுக்கிட்டே இருக்காங்க சார். மூச்சு சரியாவே வரல. நீங்க எங்க இருக்கீங்க? சீக்கிரம் வாங்களேன்!”

“போனை அவ வாய்கிட்ட வை. நான் ஒண்ணு பண்றேன். என்ன ஆகுதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு.”

ஹேண்டிலை எடுத்தார். அது சும்மா கிடந்தது, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல. காலை உந்தினார். ஒரு கட்டடத்தையே வேரோடு பிடுங்குவதுபோல் இருந்தது. நரம்பு புடைத்தது, பல் கிட்டியது. சக்கரம் ஹூஊஊம் என்று முனகியது. போனில், நீளமாக, தண்ணீருக்கு மேலே தலை வந்தவர்கள் இழுப்பதுபோல், ஒரு மூச்சு.

“சார்!” நர்ஸ் அலறினாள். “அம்மா கீழ வர்றாங்க சார்! தானா வர்றாங்க!”

அவர் கையைத் தளர்த்தவில்லை. ஆனால் அந்தப் பக்கம் இழுத்தது. ஒரே சீராக. அவசரமில்லாமல். பெல்ட் உள்ளே போனது, சீட்டு முன்னே ஓடியது, முழங்கால் மடங்கியது.

“போறாங்க சார்… மறுபடி மேல போறாங்க…”

இழுத்தார். மூச்சு. அது இழுத்தது. மூச்சு நின்றது. இழுத்தார். மூச்சு. இதுதான் என்று புரிந்துவிட்டது. இனி இதுதான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் இல்லை. மழைக்காலம் முடியும்வரை இல்லை. சாப்பாடு, தூக்கம், மகன், எதுவும் இல்லை. இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கும் போகாத படகு.

“தம்பி!” என்று ஷட்டரைப் பார்த்துக் கத்தினார். “யாராவது இருக்கீங்களா? தம்பி!” வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகர ஷட்டர் மேல் ஆயிரம் பேர் பறையடிப்பதுபோல் கொட்டியது. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. எழுந்து போய்த் தட்டலாம். ஹேண்டிலை விட்டால்.

விட்டால்.

இழுத்தார். முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தது. அது இழுத்தது. முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகப் போனது.

அவருக்குக் களைத்தது. அதற்குக் களைக்கவில்லை.

“சார்.” நர்ஸின் குரல் மாறியிருந்தது. அலறவில்லை. ரொம்பச் சின்னக் குரல். “சார், தலை கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கு.”

“என்ன?”

“கம்பி வளையல சார். என் கையே கஷ்டப்பட்டுத்தான் நுழையும். ஆனா தலை அந்தப் பக்கம்… தோளும்… எனக்கு… சுவர்ல சார்… சுவர்…”

“அவளைப் பிடி! காலைப் பிடிம்மா!”

“பிடிச்சுத்தான் சார் இருக்கேன்.”

பிறகு ஏதோ தரையில் விழும் சத்தம். போன் உருண்டது. துணி உரசும் ஓசை. நீண்டு. மெல்ல. அறை முழுவதையும் யாரோ சுருட்டி எடுப்பதுபோல. அப்புறம் நர்ஸ், எங்கிருந்தோ தூரத்தில், “கட்டில் காலியா இருக்கு சார்,” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதே நொடியில் ஹேண்டிலில் பாரம் ஏறியது.

அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறு எந்தக் கைக்கும் தெரியாது, அவர் கைக்குத் தெரியும். காலை மாலை கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிய பாரம். இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாயும் பாரம். அவள்தான். முழுசாக. பெல்ட்டின் அந்த முனையில், அடியில்லாத ஏதோ ஒன்றின் மேல், அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“பிடிச்சுக்கோ!” என்றார். “விடமாட்டேன். பிடிச்சுக்கோடி!”

தோள்பட்டையில் ஏதோ கிழிந்தது. உந்தினார். சாய்ந்தார். வந்தாள். ஒரு சாண். இன்னும் ஒரு சாண். தனியாக, யார் உதவியும் இல்லாமல், அவளை அவர் தூக்கிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது. வரட்டும். இன்னும் ஒரு இழுப்பு. இன்னும் ஒன்று. வெளியே எடுத்துவிடலாம். எடுத்துவிடலாம்.

பாரம் கூடியது.

கை சொன்னது: இரண்டு பேர்.

அவர் கேட்கவில்லை. கை சொன்னது.

மூன்று. லேசான ஆள். நாலு. லிஃப்ட் கூண்டின் கதவு திறந்து, ஒவ்வொருவராக, வரிசை கலையாமல், உள்ளே ஏறி நிற்கும்போது கயிறு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுமே, அது. அதேதான். அவசரமில்லாமல் ஏறினார்கள். யாரும் முண்டவில்லை. நாள் கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு இருக்கும் பொறுமை. ஏழு. எட்டு. அப்புறம் எண்ண முடியவில்லை.

மின்சாரம் போனது. ஷட்டரின் அடியில் மட்டும் ஒரு கோடு சாம்பல் வெளிச்சம்.

இழுத்தார். என்ன செய்வார், இழுத்தார். விட்டால் அவளும் போவாள். இழுத்தால் அவளோடு எல்லோரும் வருவார்கள்.

பெல்ட் வந்தது. இத்தனை நாளில் வந்ததைவிட நீளமாக. ஈரமாக. குழியின் வாடை முகத்தில் அடித்தது. மூடியின் வாய்க்குள் ஏதோ வெள்ளையாக அசைந்தது. முடி. நரைத்த முடி. பெல்ட்டோடு பின்னிக்கொண்டு வந்தது.

“வந்துட்டே,” என்றார். “வந்துட்டே, வந்துட்டே.”

வாயின் விளிம்பில் ஒரு விரல் வந்து படிந்தது.

இன்னொன்று.

இன்னும் நாலு.

மூடப்போகும் லிஃப்ட் கதவைப் பிடித்து நிறுத்துவதுபோல், இரண்டு பக்கமும், மேலும் கீழும், நெருக்கமாக, வரிசையாக, விரல்கள். பெரியவை. சின்னவை. நகமில்லாதவை. பிளாஸ்டிக் நெரிந்தது. வாய் அகலமாகத் தொடங்கியது.

அத்தனை விரல்களில் அவளுடையது எது என்று தேடிக்கொண்டே, லிஃப்ட்காரர் இழுத்தார்.